ஏற்காட்டில் செய்ய வேண்டியவையும் தபீதாள் டீச்சரும்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாரிமுனையிலிருந்து தாம்பரம் வரும் பஸ்ஸில் கிடைத்தது. 1974, மே மாதம். ஆண்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். சைதாப்பேட்டையில் ஏறிய ஒருவர், டை கட்டியவர், பெண்கள் வரிசையில் காலியாக இருந்த ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தார். கண்டக்டர் வாயிலிருந்த விசிலை எடுத்தார்.

"சார், எந்திரி. லேடீஸ் சீட்டு."

"காலியாத்தானேப்பா இருக்கு? லேடீஸ் யாராவது வந்தா எழுந்துக்கறேன்."

"ஏற்காட்டுலயே ஆம்பளைங்கள எழுப்பினவன் நானு. சைதாப்பேட்டைல வுட்ருவனா? எந்திரி சார்."

டை எழுந்துவிட்டது. பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த ஒரு வாக்கியத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நான் தாம்பரத்தில் இறங்கினேன். ஏற்காட்டில் என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மை தெரிந்துபோய்விடும், பிறகு எனக்கு வேலை இருக்காது. அதனால் கேட்கவில்லை.

அதே வாரம் ஒரு பத்திரிகையின் கோடை மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள்: 'மலையூருக்குப் போனால் செய்ய வேண்டியவை'. ஏன் என்னைக் கேட்கிறீர்கள் என்றேன். "நீங்க தாம்பரம்தானே சார், ரயில் ஏற வசதி" என்றார் உதவி ஆசிரியர். சேலம் மெயில் சென்ட்ரலிலிருந்து கிளம்பி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிற வண்டி. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. கட்டுரையையும் கண்டக்டரையும் ஒரே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வந்தது இது.

2

தொடக்கங்கள்.

'மேகங்கள் மலையின் தோளில் கைபோட்டுக்கொண்டு—' (அடித்துவிட்டேன். எல்லாக் கோடை மலர்களிலும் அவை அப்படித்தான் நிற்கின்றன.)

'ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து—' (எத்தனை அடி என்று தெரியவில்லை. தாம்பரத்தின் அடியும் எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் பலகையில் எழுதியிருப்பார்கள், நாளைக்குப் பார்க்கிறேன்.)

'சுந்தர்சிங் லீவு போட்டார்.'

இது நிற்கும். (சுந்தர்சிங் என்பது கண்டக்டருக்கு நான் வைத்த பெயர்.) டிப்போவில் இதைப் படித்துக் காட்டினால் நாலு பேராவது நம்ப மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாளே விசிலோடு வந்து நிற்கிற ஆள். கிழக்குத் தாம்பரத்தில் மனையை வாங்கி, டியூட்டி இல்லாத நாட்களில் தானே கொத்தனாரோடு நின்று கலவை குழைத்துக் கட்டிய வீடு அவருடையது. வாசலில் 'எபனேசர் இல்லம்' என்று சிமெண்டிலேயே எழுத்து எடுத்திருக்கிறார். போன மாதம்தான் வெள்ளையடித்தார். தாம்பரத்தில் இல்லாதது உலகத்தில் இன்னா கீது என்பது அவர் கேள்வி.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இது என் கேள்வியும்தான். எங்கள் காற்று டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற காற்று. அதற்கென்றே சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷன் வைத்திருக்கிறோம். ஏரிகள் உண்டு, காலேஜ் உண்டு, தலைக்கு மேலே விமானம் உண்டு. பல்லாவரம் மலையை மலையே இல்லை என்பவர்கள் மே மாத மத்தியானத்தில் செருப்பில்லாமல் அதில் ஏறிவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.)

3

இப்பேர்ப்பட்ட மனிதர் ஏன் லீவு போட்டார்? இங்கேதான் கதை என்னிடம் மாட்டிக்கொண்டது. அல்லது நான் அதனிடம்.

முதல் பிரதியில் அவர் மனைவிக்குப் பெயர்கூட இல்லை. புளிசாதத் தூக்கும் இரண்டு மங்கி குல்லாவும் எடுத்துக்கொண்டு கூட வந்தாள், அவ்வளவுதான். ஆனால் லீவு என்றாலே எரிந்து விழுகிற ஆளிடம் யாரோ கேட்டுத்தானே இருக்க வேண்டும்? இவள்தான் கேட்டிருக்கிறாள். எதற்கு? குளிருக்கா? மார்கழியில் தலைக்கு எண்ணெய் வைத்தாலே தும்முகிற உடம்பு.

உட்கார்ந்து யோசித்தேன். பெயர் வந்தது: தபீதாள். வேலை வந்தது: மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன வருஷம் அங்கே ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆனார். அடுத்தது தபீதாள் டீச்சர்தான் என்று பியூன்கூட நாற்காலியைத் துடைத்து வைத்தார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது தபீதாளைவிடப் பத்து வயது சின்னவர், லாசரஸ் என்பவர். தபீதாள் ஒரு வார்த்தை பேசாமல் மூன்றாம் வகுப்புக்குப் போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்.

(கவனித்தீர்களா? 'பேசாமல் போனார்' என்று எழுதும்போது 'அவள்' என் கையில் வரவில்லை. முதல் பிரதி முழுக்கக் கண்டக்டருக்கு 'அவர்', மனைவிக்கு 'அவள்'. திருத்திவிட்டேன். அச்சுக்கோப்பவர் பழைய வழக்கத்தில் மாற்றாமல் இருக்க வேண்டும்.)

இந்த ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டென்ட் தபீதாளைக் கூப்பிட்டார்.

"ஏற்காட்டுல நம்ம ஸ்கூலுக்கு ஹெச்.எம். வேணும். உங்களை நினைச்சோம். லீவுல போய்ப் பாத்துட்டு வாங்க. திரும்பி வந்ததும் ஞாயித்துக்கிழமை பதில் சொன்னாப் போதும்."

தபீதாள் வீட்டுக்கு வந்து கறிக்குழம்பைச் சுடவைத்து, கணவரிடம் பாதியை மட்டும் சொன்னார்: "ஏங்க, ஏற்காடு போய்ட்டு வரலாமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கேட்ட முதல் ஊர். மகள் யூனிஸைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீடும் முடிந்தாயிற்று. சுந்தர்சிங் லீவு போட்டார்.

4

ஏரியில் படகு விடவும். (கட்டுரைக்காக.)

விட்டார்கள். துடுப்பைத் தானே வாங்கிக்கொண்டு சுந்தர்சிங் வலித்தார்.

"இதான் ஏரியா? நம்ம சேலையூர் ஏரில பாதி தேறாது."

"அங்க படகு இல்லையே?"

"படகு போட்டா தேறும்."

தபீதாள் சிரித்தார். சொல்வதற்கு இது நல்ல நேரம், நடுத்தண்ணீரில் அவர் எழுந்து போய்விட முடியாது. வாயைத் திறந்தபோது கரைக்கு மேலே, மரங்களுக்கு நடுவில், கரஸ்பாண்டென்ட் அடையாளம் சொல்லியிருந்த ஓட்டுக் கட்டடம் தெரிந்தது. லீவாகையால் பூட்டிக் கிடந்தது. வாசலில் மணியடிக்கத் தண்டவாளத் துண்டு தொங்கியது. சுந்தர்சிங்கும் அதைப் பார்த்தார்.

"அங்க பாரு, இஸ்கூலு. பாவம், எந்த டீச்சர் இந்தக் குளிர்ல வந்து மாட்டிக்கினாளோ."

தபீதாள் வாயை மூடிக்கொண்டார்.

5

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் ஆபீஸ் வேலை பார்த்தேன். எனக்கு அந்த ஆள்மேல் கோபம். மூன்றாம் நாள் மின்சார ரயிலில் ஜன்னலோரம் நிற்கும்போது தபீதாள் டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார். (கற்பனை மனிதர்களுக்கு டிக்கெட் தேவையில்லை.)

"சார், அவரைக் கெட்டவராப் போட்டுடாதீங்க."

"போடலை டீச்சர்."

"பேச்சுதான் அப்படி. லாசரஸ் சாரைப் போட்ட அன்னிக்கி நான் அழலை. அவர்தான் கொல்லைப்பக்கம் போய் நின்னு அழுதார்."

எனக்குத் தெரியாத விஷயம் இது. எழுதிக்கொண்டேன்.

6

லேடீஸ் சீட்டிலிருந்து சமவெளியைப் பார்க்கவும்.

மலை விளிம்பில் ஒரு இடம். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி அங்கே உட்கார்ந்து சூரியன் சாய்வதைப் பார்ப்பாளாம், அதனால் அந்தப் பெயர் என்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஜென்ட்ஸ் சீட் என்று இன்னொன்றும் உண்டு. ஊர் சுற்ற வருகிறவர்கள் ஆணும் பெண்ணுமாக இரண்டையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெயரை யாரும் பெயருக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை.

சுந்தர்சிங் பலகையைப் படித்தார். நின்றார். கல் பெஞ்சில் புதுமாப்பிள்ளை ஒருவன் புதுப்பெண்ணோடு உட்கார்ந்திருந்தான். பல்லாவரத்துத் தோல் மண்டிக்காரர் மகன் காஜா. பெண் ஷம்சாத், கல்யாணமாகிப் பத்து நாள். சுற்றி இன்னும் நாலைந்து குடும்பங்கள்.

"தம்பி, போர்டு பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"இன்னா எழுதிகீது?"

"லேடீஸ் சீட்டுன்னு... அது பேருண்ணே. வெள்ளைக்காரம்மா உக்காந்த எடமாம்."

"வெள்ளைக்காரம்மா மட்டும் இன்னா, ஜென்ட்ஸா? எந்திரி. ஜென்ட்ஸ் சீட்டு அப்பால கீது. யோவ், கேமரா! உனக்குந்தான். அல்லாரும் அப்டியே முன்னால போ, முன்னால போ."

தபீதாள் வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "ஏங்க, இது பஸ்ஸா?"

"பஸ்ஸுன்னா ஒரு நாயம், மலைன்னா ஒரு நாயமா?"

அந்தக் குரலை நீங்கள் கேட்டதில்லை. எழுபது பேர் அடைத்த வண்டியில் பின்படியிலிருந்து முன்சக்கரம் வரை போகிற குரல். காஜா எழுந்தான். கேமராக்காரர் நகர்ந்தார். குடும்பத் தலைவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையாகப் போனார்கள். கடைசி ஆளாக, யாரும் திரும்பி வராதபடி பார்த்துக்கொண்டு, சுந்தர்சிங்.

(உங்களைச் சிரிக்கவைக்கத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒரு நியாயத்தை மலை மேலேயும் கூட்டிக்கொண்டு போகிறவன் எங்கள் ஊர்க்காரன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.)

பெண்கள் மட்டும் நின்றார்கள். முதலில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு ஒரு அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்தார். ஷம்சாத் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தாள். தபீதாள் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். கீழே சேலம் பக்கத்துச் சமவெளி முழுவதும் கிடந்தது.

"அக்கா, நீங்க டீச்சரா?" என்றாள் ஷம்சாத்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"உக்காந்ததும் எங்களை எண்ணினீங்களே."

தபீதாள் சிரித்தார். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததை இந்தப் பெண்ணிடம் சொன்னார். "இந்த ஊர் ஸ்கூலுக்கு என்னை ஹெச்.எம்.மா கேக்கறாங்க."

"அல்லா! வீட்ல என்ன சொன்னாங்க?"

"இன்னும் சொல்லலை."

"வேணாம்னுடுவாரா?"

தபீதாள் சமவெளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேணாம்னுட்டா நிம்மதின்னுகூடத் தோணுதும்மா. அப்புறம் நான் யோசிக்க வேண்டியதில்லை பாரு."

இந்த வரி என் திட்டத்தில் இல்லை. பயம் கணவரைப் பற்றியது என்றுதான் இத்தனை நேரம் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

7

கைவசம் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ. சுந்தர்சிங் வேண்டாம் என்கிறார். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை கரஸ்பாண்டென்டிடம் போய் 'வீட்டுல முடியாதுங்கறாங்க' என்கிறார். உதவி ஆசிரியருக்குக் கண் கலங்கும்.

ஆ. சரி என்கிறார். எபனேசர் இல்லத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, சேலம் டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு— (நிறுத்தினேன். தன் கையால் கலவை குழைத்தவர். ஒரே வாக்கியத்தில் அவரைக் காலி செய்யவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.)

இ. டீச்சர் கடைசிவரை சொல்லவேயில்லை. காபித்தூளும் பேரிக்காயும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கட்டுரைக்குப் பொருத்தமான முடிவு: 'காபித்தூள் வாங்க மறக்காதீர்கள்.'

மூன்றையும் படித்துப் பார்த்தேன். இரண்டில் கணவர் முடிவு சொல்கிறார், ஒன்றில் டீச்சர் பேசவேயில்லை. மூன்றையும் கிழித்தேன்.

8

டீக்கடையில் டீ குடிக்கவும்.

பஸ் ஸ்டாண்டு ஓரம், பெஞ்சு. டீ சொல்லியிருந்தார்கள். தபீதாள் பீடிகை எதுவும் போடவில்லை.

"ஏங்க, ஏரி மேல பாத்தமே, அந்த ஸ்கூலு. அதுக்கு என்னை ஹெச்.எம்.மா கேக்கறாங்க. திரும்பிப் போனதும் ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும்."

சுந்தர்சிங் அவரையே பார்த்தார்.

"தெரிஞ்சுதான் என்னை இட்டுகினு வந்தியா?"

"ஆமா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன மாதம் அடித்த வெள்ளை, சிமெண்ட் எழுத்து, கொல்லையில் வைத்த முருங்கை எல்லாம் அந்த முகத்தில் தெரிந்தன. 'வேணாம்' என்ற சொல்லுக்காகத் தபீதாள் காத்திருந்தார். அது வந்துவிட்டால் எல்லாம் லேசாகிவிடும். டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்தார்.

"சார், டூரிஸ்டா? சுத்திக் காட்ட ஆள் வேணுங்களா?"

சுந்தர்சிங் எழுந்தே நின்றுவிட்டார். "நான்தான் டூரிஸ்டு. இவங்க இந்த ஊரு ஹெட்மிஸ்ட்ரஸ்ஸு. மொதல்ல அவங்களுக்குக் குடு."

பஸ்ஸை எழுப்புகிற அதே குரல். பக்கத்துப் பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பினார்கள். கடைக்காரர் கிளாஸைத் துண்டால் இன்னொரு முறை துடைத்து, "வணக்கங்கம்மா" என்று நீட்டினார். தபீதாளுக்குக் காதுமடல் சூடாயிற்று. அவ்வளவு பெருமை. அதன் பின்னாலேயே பயமும் வந்தது.

"நான் இன்னும் சரின்னே சொல்லலீங்க" என்றார் மெதுவாக.

"நான் மட்டும் சொன்னனா? வூட்டுக்கு அடிச்ச வெள்ளைகூட இன்னும் காயல. ஆனா ஹெச்.எம்.முன்னு காதுல வுழுந்ததும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே, நான் இன்னா பண்ண? லாசரஸ் சார் முன்னால போய்ச் சொல்லணும் போல கீது." உட்கார்ந்து, குரலை இறக்கினார். "நீ சொல்லு தபீதா. நான் சொல்ல மாட்டேன். இது உன்னைக் கேட்டது."

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இனி தபீதாள்தான் யோசிக்க வேண்டும்.

நானும் அந்தப் பெஞ்சருகே பேனாவைத் திறந்துகொண்டு நின்றேன். "டீச்சர், என்ன முடிவு? வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைன்னுதானே சொல்லியிருக்கேன் சார்?"

மூன்றாம் வகுப்பைப் பார்க்கிற பார்வை. பேனாவை மூடிக்கொண்டேன். கோடை மலர் இந்த இடத்தோடு அச்சாகட்டும். மிச்சத்தைக் கேட்டு உதவி ஆசிரியர் எனக்கு டிரங்க் கால் போட்டாலும் பதில் இல்லை.

போன வருஷம் ஒரு நாற்காலியை யாருக்குக் கொடுப்பது என்று பேசியபோது ஒருவரும் இவரைக் கேட்கவில்லை. இப்போது ஒரு மிஷன், ஒரு புருஷன், ஒரு எழுத்தாளன், மூன்று பேர் இவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். உங்களோடு நாலு. நில்லுங்கள். அவர் டீயைக் குடித்து முடிக்கட்டும்.