விசிலுக்குச் செம்பு முலாம்

வேதியியல் ஆய்வகத்தைப் பந்தும் மட்டையும் போட்டு வைக்கும் அறையாக்க வேண்டும் என்று பி.டி. சார் தலைமையாசிரியையின் காதில் ஓதி ஓதியே பாதிக் காரியத்தைச் சாதித்துவிட்டார்.

“நாளைக்கு ஒரு சோதனை செஞ்சு காட்டுங்க டீச்சர். ஒழுங்கா வந்தா அறை உங்களுக்கு, இல்லேன்னா சாருக்கு” என்றார் தலைமையாசிரியை. வந்த கோபத்தில் ஒரு குடுவையைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அந்தச் சில்லுகளையும் நான்தான் கூட்டி அள்ள வேண்டும்.

மறுநாள் மின்முலாம் பூச எல்லாம் எடுத்து வைத்தேன். நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசல், செம்புத் தகடு, பேட்டரிப் பெட்டி. தகடு நேர்முனையில், பூச வேண்டிய பொருள் எதிர்முனையில். மின்சாரம் ஓடினால் தகட்டுச் செம்பு கரைந்து, பொருளின்மேல் செம்பு படியும். மாற்றி மாட்டினால் பொருளே கரையத் தொடங்கும். இவ்வளவுதான் பாடம்.

ஒரு சாவிக்குப் பூசலாம் என்றிருந்தேன். பி.டி. சார் விடுவாரா?

“சாவி எதுக்கு? இதைப் போடுங்க. ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சது, அசல் வெள்ளி” என்று கழுத்து விசிலைக் கழற்றி நீட்டினார். அந்த வெள்ளிப் புராணத்தைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கெல்லாம் காது புளித்துப் போயிருந்தது.

பேட்டரிப் பெட்டியிலிருந்து வரும் கம்பிகள் இரண்டும் கறுப்பு. முடிச்சுப் போட்டது நேர்முனை, அதுதான் எங்கள் ஆய்வக அடையாளம். அன்று பார்த்தால் முடிச்சையே காணோம்.

“யார் அவுத்தது?”

“நான்தான். நேத்து அறைய அளக்க வந்தேன். முடிச்சு கெடந்தா எனக்குக் கை சும்மா இருக்காது.”

“சீக்கிரம் டீச்சர்” என்றார் தலைமையாசிரியை. குத்துமதிப்பாக ஒரு கம்பியை விசிலில் மாட்டினேன். அதற்குள் ஒரு மாணவியின் அம்மா வாசலில் வந்து நிற்க, தலைமையாசிரியை பேசப் போனார்.

விசிலில் செம்பு ஏறவில்லை. மாறாக, வெள்ளை நிறம் திட்டுத்திட்டாகப் போய் உள்ளே மஞ்சள் தெரிந்தது.

“சார், பித்தளை.”

பி.டி. சாருக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

“மேடம் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க டீச்சர்.”

“கம்பிய மாத்திக் குடுத்தா செம்பு மூடிடும், வெளிய தெரியாது. ஆனா அறை போகப்போற துக்கத்துல கை ஓட மாட்டேங்குது சார்.”

“நீங்களே வச்சுக்குங்க தாயே” என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் கை ஓடியது.

தலைமையாசிரியை திரும்பி வந்தபோது விசில் செக்கச் செவேலென்று மின்னியது.

“அறை கெமிஸ்ட்ரிக்கே இருக்கட்டும் மேடம். பந்துக்கெல்லாம் இங்க காத்து போதாது” என்றார் பி.டி. சார்.

தலைமையாசிரியைக்கு ஒரே பூரிப்பு. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார்.

“இதையும் முக்கிக் காட்டுங்க டீச்சர். கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்காரர் போட்டது. அசல் தங்கம்.”

நானும் பி.டி. சாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“பேட்டரி தீந்துபோச்சு மேடம்” என்றோம், இருவரும் ஒரே குரலில்.