மூன்று பொலித்தீன் பைகள்

கொம்பியூட்டர் திரை மறுபடியும் அதையே சொன்னது: பழைய நிலைக்குத் திரும்ப ரெஸ்டோர் பொயின்ட் எதுவும் இல்லை. உதயரூபன் மவுஸை மேசையில் ஓங்கிக் குத்தினான்.

பக்கத்து அறையில் அவனுடைய அப்பா கனகசிங்கம் பெட்டிக்குள் கிடந்தார். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு, இப்போதே ஒன்றரை. ஆஸ்பத்திரியில் மூச்சு அடங்குமுன் மனிசன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "விதுர்ஷாட படத்த என்னோட வைங்க."

விதுர்ஷா கடைக்குட்டி. ஏழு வயதில் கடல் கொண்டுபோன பிள்ளை. வீட்டுப் படங்களும் அதே தண்ணீரோடு போயின. கொக்கட்டிச்சோலையில் பெரியம்மாவின் அல்பத்தில் மட்டும் ஒரு படம் தப்பியிருந்தது. உதயரூபன் அதை வாங்கிவந்து கொம்பியூட்டரில் ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பிறகு சண்டையில் செல்லடி பட்டு அந்த வீடும் அல்பமும் போய்விட்டன. இப்போது சண்டை முடிந்து ஒரு மாதம்.

போன வாரம் ஒரு வைரஸ் வந்து படங்களைத் தின்றது. பதறிப்போனவன், களுவாஞ்சிக்குடி கொம்பியூட்டர் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறபடியே, முதல் வேலையாக சிஸ்டம் ரெஸ்டோரை நிறுத்தினான். வைரஸ் அதற்குள்தான் ஒளிந்திருக்குமாம். பழைய பொயின்ட் எல்லாம் அத்தோடு அழிந்தன. அவை இருந்தாலும் கொம்பியூட்டரின் அமைப்புகளைத்தான் மீட்கும், படங்களை மீட்காது. அதுவும் அவன் படிப்பிக்கிற பாடந்தான். இன்றைக்குப் புத்தி வேலை செய்யாமல் அதையே தட்டிக்கொண்டிருந்தான்.

அழிந்ததைத் தேடும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டான். முக்கால் மணி நேரம் கழித்து அது ஒரு படத்தைத் துப்பியது. நடு வகிடு, இரண்டு சிவப்பு ரிபன். அதற்குக் கீழே முகம் இல்லை, முழுக்கச் சாம்பல் நிறம்.

"ஏன்டா தம்பி அதோட மல்லுக்கட்டுறாய்?" அக்கா சுலோஜனா வாசலில் நின்றாள். "அப்பாட பையில சீடி கிடக்குதானே, நீ அடிச்சுக் குடுத்தது. அதப் போட்டுப் படத்த எடன்."

"சீடி ட்ரைவ் பழுது, அக்கா. பொறுங்க, இதிலயே வந்திரும்."

சுனாமிக்குப் பிறகு அவர்கள் வீட்டில் கதவுக்கு மேல் ஆணியில் ஒரு பை தொங்கியது. காணி உறுதி, அடையாள அட்டை, மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றிய சீடி. கடல் திரும்பி வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. "ஒரு கொப்பி எடுத்துத் தா மனே" என்று அப்பா நாள்தோறும் நச்சரித்தார். ஒருநாள், அவர் வாயை அடைக்க வெறும் சீடி ஒன்றை உறையில் போட்டு நீட்டினான் உதயரூபன். நாளைக்குப் படத்தைப் பதிந்து கொடுக்கலாம் என்று நினைத்தவன், பாவி, மறந்தே போனான். அப்பா அதை ஆஸ்பத்திரியிலும் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தார்.

"நேரமாகிற்று, தூக்குவம்" என்று கோணாமலை மாமா முற்றத்திலிருந்து சத்தம் வைத்தார்.

சுலோஜனா பையிலிருந்து அந்தப் பொதியை எடுத்தாள். "படமாத்தான் வைக்கோணுமா? தங்கச்சி இதுக்குள்ளதானே இருக்கா. இதையே வைப்பம்." பிறகு அவனைப் பார்த்தாள். "உன்னட்ட வேற கொப்பி கிடக்குதானே?"

உறைக்குள் கிடப்பது வெறும் சீடி. சொல்லிவிடலாம். அக்காவின் முகம் காலையிலிருந்து முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"ஓம்" என்றான்.

அவள் பொதியை அப்பாவின் நெஞ்சில் வைத்தாள். "பொலித்தீனோடயே இருக்கட்டும். மாரியில ஈரம் இறங்கும்."

மாமா மூடியைக் கொண்டுவந்தார். வெளிப்பையின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. உதயரூபன் குனிந்து, தண்ணீர் புகாதபடி, அதை இறுக்கிக் கட்டினான்.