தட்டைப்பாறைக்கு மேலே

அந்த மலையின் உச்சியில் ஊர்க்காரர்கள் யாரும் கால் வைப்பதில்லை. மலையே தெய்வம்; தெய்வத்தின் தலையில் ஏறி நிற்க முடியுமா? பதினாறு வருடமாகப் பயணிகளை மேலே அழைத்துப் போகும் வழிகாட்டியும் கடைசி வளைவிலுள்ள தட்டைப்பாறையோடு நின்றுவிடுவான்.

"இதுக்கு மேல நான் வரமாட்டேன். நீங்க வேணும்னா போய்ட்டு வாங்க."

போகாமல் திரும்பியவர் ஒருவரும் இல்லை.

அன்று போன நால்வரில் மூவர்தான் இறங்கி வந்தார்கள். கூட வந்த பல் டாக்டர் அம்மாவுக்கு உச்சியில் கால் பிசகிவிட்டதாம். தூக்கிவர இவர்களுக்குத் தெம்பில்லை. மேகம் வேறு கவிந்துகொண்டு வந்தது. வழிகாட்டி அக்காவுக்குப் போன் செய்தான். அடிவாரத்தில் விடுதி நடத்துபவள்; ஊரில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"ஏறாதடா. மீட்புக்காரங்களுக்குச் சொல்றேன்."

"அவங்க வர மூணு மணி நேரம் ஆகும்க்கா. அந்தம்மா குளிர்ல விறைச்சுப் போயிடும்."



"அப்ப ஷூவைக் கழட்டிட்டுப் போ" என்றாள் அக்கா.

வெறுங்காலோடு ஏறினான். முதலில் காலில் குத்தியது உடைந்த பாட்டில். ரத்தம் வழிய, டாக்டர் அம்மாவை முதுகில் சுமந்து இறக்கினான். வழி நெடுக அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் அக்கா அவன் காலுக்குக் கட்டுப் போட்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மேல எப்படிடா இருக்கு?"

அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தான்.

"குப்பைமேடுக்கா. பாறை முழுக்க பெயிண்ட்ல பேரு எழுதியிருக்காங்க. பின்னாடி கக்கூஸ் மாதிரி நாறுது."

"நம்மாளு ஒருத்தர்கூட போனதில்லையேடா!"

"போகல. நாமதான் அனுப்பி வெச்சோம்."

மறுநாள் காலை விடுதியில் இருந்தவர்களிடம் அக்கா சொன்னாள்: "தட்டைப்பாறையோட சரி. அதுக்கு மேல இனிமே யாரும் போகக்கூடாது." ஊரிலிருந்து பத்தொன்பது பேர் கோணிப்பைகளோடு ஏறினார்கள். உச்சியில் கால் வைத்ததும் அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு குனிந்தாள். சுத்தம் செய்து முடிக்க நாலு நாள் ஆனது.

அந்த வருடம் விடுதியில் பாதி அறைகள் காலி.

"உச்சிக்கே போக முடியலைன்னா இந்த மலைக்கு எதுக்கு வரணும்?" என்று எகிறினார் ஒருவர்.

"வந்ததுதான் வந்தீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அக்கா.