அம்சம் விட்ட உப்பு

ஒரு மண்டலத்துக்கு உப்பைத் தொடுவதில்லை என்று காளியம்மனிடம் வீரையன் நேர்ந்துகொண்டு வந்த சேதி, கீழப்பனையூரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு அம்சத்துக்குத் தெரிந்தது. சோறு ஆக்கிப் போடுகிறவளிடம் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதனுக்குத் தோன்றவே இல்லை. குழம்பை வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். என்ன குறை என்று கேட்டபோதுதான் வாயைத் திறந்தான்.

"பந்தயம் முடியிற வரைக்கும் எனக்கு உப்பு வேணாம் புள்ள. ஆத்தாக்கிட்ட சொல்லிட்டேன்."

பந்தயம் என்றால் சுதந்திர தினத்தன்று ஊராட்சி ஒன்றியம் நடத்துகிற பத்து மைல் ஓட்டம். நன்னிலம் ஒன்றிய அலுவலக வாசலில் தொடங்கி, ஆற்றங்கரைச் சாலையில் ஐந்து மைல் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். போன வருஷம், எழுபத்து மூன்றில், வீரையன் எட்டு மைல்வரை எல்லோருக்கும் முன்னால் வந்தான். பிறகு, வேறு இடமே கிடைக்காத மாதிரி, பண்ணையாரின் அரிசி ஆலை வாசலில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடித்துக்கொள்ள, அறுத்த வாழையாகச் சாய்ந்தான். பண்ணையாரின் தங்கை மகன் சிவசாமி, கல்லூரிப் பிள்ளை, கான்வாஸ் ஷூ போட்ட காலோடு அவனைத் தாண்டிப் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காரியஸ்தர் குஞ்சிதபாதம், பத்துப் பேர் கேட்க ஒரு வார்த்தை சொன்னார். "பத்து மைல் தாங்காத காலு, ஒரு ஏக்கரைத் தாங்குமா?"

அந்த ஒரு ஏக்கரில்தான் விஷயமே இருக்கிறது. உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து எடுத்த உபரி நிலத்தில், கீழத்தெருவில் வீரையன் உட்பட ஏழு குடும்பங்களுக்கு ஆளுக்கொரு ஏக்கர் பட்டா கிடைத்திருந்தது. கறுப்பு சிவப்புக் கொடி கட்டி, ஒலிபெருக்கி வைத்து, அதிகாரி கையால் கொடுத்த பட்டா. கொடியை அவிழ்த்த மறுநாளே காரியஸ்தர் வேலையைத் தொடங்கிவிட்டார். "எனக்கு நிலம் வேண்டாம்" என்று தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் பண்ணையில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் களை பறிக்கக்கூடக் கூப்பிடுவதில்லை. ஏழில் மூன்று குடும்பம் எழுதிக் கொடுத்தாயிற்று. நான்காவது, வீரையனின் பங்காளி கண்ணுசாமி. கையெழுத்து இன்னும் போடாத காகிதம் அவன் சட்டைப் பையிலேயே மடிந்து கிடந்தது.

"அண்ணே, இந்த வருசம் நீ விழாம வந்துட்டீன்னா நான் கையெழுத்துப் போடலை. விழுந்துட்டீன்னா மறுநாளே போட்டுடுவேன்" என்று சொல்லியிருந்தான் கண்ணுசாமி. கேட்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். ஆனால் பயந்து போன மனிதனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். கண்ணுசாமிக்கு வீரையனின் கால்கள் கிடைத்தன. அவன் போட்டுவிட்டால் வீரையனைத் தவிர மிச்சம் இரண்டு பேரும் நிற்க மாட்டார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

இவ்வளவையும் தலையில் சுமந்துகொண்டுதான் வீரையன் உப்பை விட்டான். தினமும் கருக்கலில் வாய்க்கால் கரையில் ஓடினான். இருபதாம் நாள் அம்சம் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது அவன் கரையில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கெண்டைச் சதை கல்லாக இறுகியிருந்தது. சட்டையில் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அம்சம் கோடியக்கரைப் பக்கத்து உப்பளத்தில் வளர்ந்தவள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஊர் அவளை உப்பளத்துக்காரி என்றுதான் கூப்பிட்டது. பெயர் சொல்ல வாய் வலிக்குமோ என்னவோ. குழம்பில் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால், அங்கிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டாள் என்று சிரிப்பார்கள். உப்பளத்தில் நிற்கிறவனுக்கு உப்புக்கு என்ன பஞ்சம் என்று இவர்கள் நினைப்பு. சித்திரை வெயிலில் நாள் முழுக்க உப்பு வாருகிறவன் காலில்தான் உப்பு இருக்கும், உடம்பில் இருக்காது. அது வேர்வையாக ஓடிப்போயிருக்கும். அங்கே கஞ்சிக் கலயத்தில் ஒரு பிடி உப்பும் எலுமிச்சையும் இல்லாமல் யாரும் பாத்தியில் இறங்க மாட்டார்கள். இறங்கினவன் மத்தியானத்துக்குள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இது அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

"போன வருசம் குளுக்கோஸைக் கரைச்சுக் கரைச்சுக் குடிச்சீங்க. வெறுந்தண்ணியும் சொம்பு சொம்பா உள்ள போச்சு. உப்பு எங்க போச்சு? இந்த வருசம் சாப்பாட்டுலயும் இல்ல. இப்படியே போனா எட்டு மைலு வேணாம், நாலாவது மைல்லயே படுத்துடுவீங்க."

"ஆத்தாக்கிட்ட சொன்ன வாக்கு."

"ஆத்தா உங்களை விழச் சொன்னாளா?"

"அம்சம், விடு. வாக்கு வாக்குதான்."

அவன் பிடிவாதம் அவளுக்கு எரிச்சலாக வந்தது. அதே சமயம், வாக்கை மாற்றாத ஆளைத்தானே கட்டிக்கொண்டோம் என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் வந்தது. அந்த நிலத்தையும் அவன் இதே பிடிவாதத்தில்தான் விடாமல் வைத்திருக்கிறான். திட்டுவதா மெச்சுவதா என்று புரியாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனாள்.

"பூசாரியாரே, ஒருத்தர் நேர்ந்துகிட்டதை இன்னொருத்தர் ஏத்துக்கலாமுல்ல?"

பூசாரி மாரியப்பன் யோசித்தார். "புள்ளைக்கு நேர்ந்ததை அப்பன் செலுத்துறான். புருசனுக்கு நேர்ந்ததைப் பொண்டாட்டி செலுத்தக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. ஆனா பாதியில விட்டா தெய்வக் குத்தம், பாத்துக்க."

"விட மாட்டேன்" என்றாள் அம்சம். சூடம் கொளுத்தி, மிச்சமிருந்த இருபத்தெட்டு நாள் உப்பையும் தன் நாக்கிலிருந்து எடுத்து ஆத்தா காலடியில் வைத்துவிட்டு வந்தாள்.

சேதி கேட்டு வீரையன் தட்டிலிருந்து கையை எடுத்தான். "உப்பளத்துல பொறந்தவ உப்பில்லாம தின்னுவியா?" என்று கேட்டான்.

"நீங்க தின்னுங்க" என்று அவன் தட்டில் ஒரு ஊறுகாய்த் துண்டை வைத்தாள்.

மறுநாள் நீராகாரத்தில் உப்பும் எலுமிச்சையும் வெல்லமும் கலந்து கொடுத்தாள். அளவு உப்பளத்துக் கை அளவு. வாயில் வைத்து ருசி பார்க்கவும் முடியாது, விரதம். வீரையன் அதைக் குடித்துவிட்டு ஒன்றரை மைல் ஓடி, வாய்க்காலில் குனிந்து குடித்ததையெல்லாம் கக்கினான். கரையில் போன நாலு பேர் சிரித்தார்கள். அம்சத்துக்கு அழுகையே வந்துவிட்டது. எந்த உப்பைப் பற்றி அவ்வளவு பேசினாளோ அந்த உப்பே அவளைக் கவிழ்த்துவிட்டது.

ஆனால் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை அவள். சுகாதார நிலையத்தில் கம்பவுண்டர் அப்துல் அஜீஸ், வாந்திபேதிக்காரர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறாள். நேரே அவரிடம் போனாள்.

"ஒரே மூச்சுல கொட்டினா வயிறு திருப்பி அனுப்பிடும்மா" என்றார் அவர். "கண்ணீரு எவ்வளவு கரிக்குதோ அவ்வளவுதான் கரிக்கணும். அதுக்கு மேல போனா மருந்தே வெனை. ஓடுறதுக்கு முன்னாடி கொஞ்சம், நடுவுல கொஞ்சம், வாய் வாயா குடிக்கச் சொல்லு. ஒண்ணு சொல்றேன், உப்பு மட்டும் காலைக் காப்பாத்திடும்னு நான் எழுதித் தர மாட்டேன். தெனம் ஓடி ஓடிக் காலும் பழகணும்."

"அது பழகுதுங்க. உப்பைத்தான் பழக்கணும்."

கண்ணீரின் உப்பு எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம் வேண்டிய மட்டும் குடித்திருக்கிறாள். இப்போது நாக்கில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். கண்ணுசாமியின் மனைவி நாகம்மாளைக் கூப்பிட்டாள்.

"என் நாக்கைக் கட்டிப் போட்டிருக்கேன். உன் நாக்கைக் கொஞ்சம் கடன் குடு. நீ அழுவுறப்ப எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்துச் சொல்லு."

"நான் எதுக்குடி அழுவுறேன்" என்று நாகம்மாள் முறைத்தாள். ஆனாலும் ஒவ்வொரு சொம்பையும் நக்கிப் பார்த்து, கூட, குறைய என்று சொன்னாள். ஐந்தாவது சொம்பில் தலையை ஆட்டினாள். எத்தனை சிட்டிகை என்று அம்சம் விரலில் எண்ணி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வீரையன் வாந்தி எடுக்கவில்லை, கெண்டையும் பிடிக்கவில்லை. ஆறு மைல், எட்டு மைல், பத்து மைல் என்று ஓடினான்.

அம்சத்துக்குத்தான் உடம்பு தளர்ந்தது. உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. தங்கள் ஏக்கரில் குறுவைக் களை பறித்து நிமிரும்போது கண் இருட்டியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி என்று பார்த்துப் பண்ணையில் களையெடுப்பு வைத்தார் காரியஸ்தர். எழுதிக் கொடுக்காதவர்களையும் அன்றைக்கு மட்டும் கூப்பிட்டு, வராதவர்களுக்கு அப்புறம் வேலையே இல்லை என்றும் சொல்லியனுப்பினார். ஓட்டம் பார்க்கக் கீழத்தெரு திரண்டு வரக் கூடாது என்கிற ஏற்பாடு. நாகம்மாள் உட்பட எல்லோரும் வயலில் இறங்க வேண்டியதாயிற்று. வேலையை விட்டுவிட்டுக் கண்ணுசாமி மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் நின்றான். ஓடுகிறவர்களோடு கூடவே சைக்கிள் வரக் கூடாது என்பது விதி. ஆக, வழியில் தண்ணீர் கொடுக்க அம்சம் ஒருத்திதான்.

இரண்டு சோடாப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு ஐந்தாவது மைல் திருப்பத்தில் நின்றாள். சிவசாமி முதலில் வந்தான். ஐம்பது கெஜம் பின்னால் வீரையன். பாட்டிலை வாங்கி, ஓடிக்கொண்டே நாலு மடக்குக் குடித்து வீசினான். அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அதுவே அவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

அடுத்தது எட்டாவது மைல், அரிசி ஆலை. சாலை ஆற்றோடு வளைந்து மூன்று மைல். வரப்பில் குறுக்கே போனால் ஒரு மைல் சொச்சம். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அம்சம் ஓடினாள். வெயில் ஏறிவிட்டது. பாதி தூரத்தில் முதுகெல்லாம் வேர்வை. ஆலைப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவளுடைய வலது கெண்டை சுண்டி இழுத்தது. அப்படியே வரப்பில் விழுந்தாள். பாட்டிலை மட்டும் கை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

கையில் கண்ணீர் உப்புக் கலந்த பாட்டில். ஒரு வாய் குடித்தால் நாக்காவது நனையும். குடித்தால் நேர்ந்தது போய்விடும். அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது. இந்தக் கையால் உப்பளத்தில் எத்தனை பேருக்கு நீவி விட்டிருக்கிறாள். கால்விரல்களைத் தன் பக்கமாக இழுத்து, பல்லைக் கடித்து நீவினாள். எழுந்து நொண்டினாள். கடைசிக் கொஞ்ச தூரம் தவழ்ந்து சாலையில் ஏறினாள்.

ஆலை வாசலில் அதே நாற்காலி, அதே குஞ்சிதபாதம்.

"போன வருசம் புருசனுக்கு, இந்த வருசம் பொண்டாட்டிக்கா? குடும்பமே நொண்டிதான்" என்றார்.

அம்சம் ஒற்றைக் காலில் எழுந்து நின்று சாலையைப் பார்த்தாள். சிவசாமி அவளைத் தாண்டிப் போனான். அவன் முகம் வெளுத்திருந்தது. இருபது கெஜத்தில் வீரையன். மனைவி சேறும் சகதியுமாக ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்ததும் அவன் கால் தயங்கியது.

"நிக்காதீங்க" என்றாள் அம்சம். குரல் வெண்கலம்போல் இருந்தது. "காலு பிடிச்சது எனக்கு. உங்களுக்கில்ல. ஓடுங்க."

பாட்டிலை அவன் கையில் திணித்தாள். அவன் இரண்டு மடக்குக் குடித்தான். பாட்டிலை வீசவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடினான். போன வருஷம் விழுந்த இடத்தை அவன் மிதித்துத் தாண்டிப் போவதை அவள் இமைக்காமல் பார்த்தாள். காரியஸ்தரும் பார்த்தார்.

அப்புறம் அவள் ஆலைச் சுவர் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தின் சத்தம் அங்கே எட்டாது. தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். ஒரு மணி நேரமோ என்னவோ, ஒரு யுகமாகப் போயிற்று.

கடைசியில் சைக்கிள் வந்தது. மிதித்து வந்தவன் கண்ணுசாமி. பின்னால் கேரியரில் வீரையன், மடியில் கோப்பை. ஆலை வாசலில் சைக்கிளை நிறுத்தி, கண்ணுசாமி சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். நாலாகக் கிழித்தான். நாற்காலிப் பக்கம் திரும்பி, மரியாதை குறையாமல் சொன்னான்.

"ஐயா, நாளைக்கு எனக்காகத் தாசில்தார் ஆபீசுக்கு வர வேணாங்க. எனக்கு எங்க நெலத்துல வேலை இருக்கு."

குஞ்சிதபாதம் எழுந்து நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வீரையன் கோப்பையை மண்ணில் வைத்துவிட்டு அம்சத்தின் பக்கத்தில் குந்தினான். அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நீவத் தொடங்கினான். சாலையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவள் காலை இழுக்கப் பார்த்தாள், அவன் விடவில்லை. இன்னொரு கையால் சோடாப் பாட்டிலை நீட்டினான். அடியில் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. இரண்டு மைலும் கொட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தான்.

"பந்தயம் முடிஞ்சுது புள்ள. உன் நேர்த்தியும் முடிஞ்சுது. குடி."

இருபத்தெட்டு நாளைக்குப் பிறகு அம்சம் உப்பை நாக்கில் வைத்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்து கன்னத்தில் இறங்கி வாயோரம் சேர்ந்தது. அவள் அதையும் நக்கிப் பார்த்தாள். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நாகம்மா நாக்கை நம்பினேன் பாருங்க" என்றாள். "ஒரு சிட்டிகை குறையுது."