குழிக்குள் கலுண்டே

குழிக்குள் இறங்கி மல்லாந்து படுத்துக்கொண்டாள் கலுண்டே. பெட்டியைத் தோளில் சுமந்து வந்த நாலு பேரும் விளிம்பிலேயே நின்றுவிட்டார்கள்.

"எந்திரி, பொணத்தை எறக்கணும்."

"நான்தான்டா பொணம். பெட்டியில இருக்கிறது உங்க மாமன் மூளை. கனமே இல்லையே, தெரியலையா?"

கூட்டம் சிரித்தது. கலுண்டே நியாம்வேசி இனத்துக்காரி. லுகுரு இனத்தார் வீட்டுச் சாவில் அவர்களுக்குக் கேலி முறை உண்டு. என்ன பேசினாலும் கோபிக்கக்கூடாது, கோபித்தவன் ஊரில் தலைகாட்ட முடியாது. செத்த கோபெலோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து அவனைப்போலவே இருமிக்கொண்டிருந்தாள்.

கோபெலோவின் பெண்டாட்டி சிகுஜுவா மட்டும் சிரிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. புருஷனின் தாய்மாமன் முலோகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில்தான் அவர் சொன்னார்: "நாளைக்கு வைத்தியர் கோழி அறுத்துக் குடல் பாப்பார். என் மருமகனைத் தின்னது யாருன்னு தெரிஞ்சிரும்." சொல்லும்போது கண் இவள்மேல்தான் இருந்தது. சூனியக்காரி என்று பெயர் விழுந்தால் குடிசைக்குத் தீ வைத்துத் துரத்துவார்கள்.

வைத்தியர் மாமன் பக்கத்திலேயே நின்றார். கழுத்தில் கொட்டை மாலை, காலில் புதுச் செருப்பு. கற்றாழைத் தோட்டத்தில் நார் உரித்து உரித்து நெஞ்சு உளுத்த கோபெலோவுக்கு, உயிரோடிருந்தபோது முன்னோர் கோபம் என்று கண்டுபிடித்த மகான்.

குழிக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

"மாமோய்! வெள்ளை மாத்திரை குடுங்க. ஆஸ்பத்திரியில குடுத்தது. தின்னு கொஞ்சம் தேறினேனே, அது. குடுத்தா எந்திரிச்சு வேலைக்குப் போறேன்."

"மேல வா கழுதை." முலோகா பல்லைக் காட்டினார்.

"மாத்திரை எங்க மாமா?"

"இல்ல."

"எலி தின்னுச்சா? வைத்தியர் தின்னாரா? அவருக்குத்தான் இருமலே இல்லையே!"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முலோகாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கோபிக்கவும் வழியில்லை.

"வாழையடியில புதைச்சேன். போதுமா? அது வீட்ல இருந்தா முன்னோர் மூஞ்சியத் திருப்பிக்குவாங்கன்னு இவர்தான் சொன்னார்."

சிரிப்பு பாதியில் நின்றது. பெட்டி தூக்கியவர்களில் ஒருவன் தோள் மாற்றிக்கொண்டான். சிகுஜுவா அந்த மாத்திரையைத் தேடாத இடமில்லை. பாய்க்கடியில், அரிசிப் பானையில், புருஷனின் சட்டைப் பையில்கூடத் தேடியிருந்தாள்.

கலுண்டே எழுந்து மண்ணைத் தட்டினாள்.

"வாழையாச்சும் தேறியிருக்கும். எறக்குங்கடா."

மண் தள்ளி முடிப்பதற்குள் வைத்தியரைக் காணோம். முலோகா யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். நாளைக்குக் குடல் பார்ப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

குறி பார்க்கக் கொண்டுவந்த செவலைக் கோழி மாமரத்தடியில் கட்டியபடி கிடந்தது. குழி வெட்டியவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். சோளக்களியை இறக்கிவைத்துவிட்டு சிகுஜுவா கோழியின் கழுத்தைத் திருகினாள். இறகைப் பிய்த்து, வயிற்றைக் கீறி, குடலை உருவி, ஒரு பார்வைகூடப் பார்க்காமல் நாய்க்கு எறிந்தாள்.