பத்தாவது கையெழுத்து

வேட்புமனுப் பரிசீலனைக்குக் கிளம்புகிற காலையில் என் வீட்டுக்காரர் ஒரே சட்டையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். செக்காலை ரோட்டு ஜவுளிக்கடையில் எடுத்த வெள்ளைச் சட்டை. காலர் அறுக்கிறது என்றார், பிறகு கை நீளம் என்றார். வாழ்நாளெல்லாம் காக்கியும் கிரீஸுமாக மில்லில் கிடந்த மனுஷனுக்கு வெள்ளை எப்படி ஒட்டும்? "எம்எல்ஏ ஆயிட்டா தெனமும் இதத்தேன் போடணும். இப்பவே பழகிக்கங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் கேலி செய்தால் சிரிக்கிற ஆள்தான். முத்தழகு செத்ததிலிருந்து அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குத்தான் கேலி நிற்கவில்லை.

சேவுகப்பெருமாள் என்று இவர் பெயரைச் சொன்னால் நாச்சியாபுரம் பக்கத்தில் அந்த நூல்மில்லில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஃபிட்டர். ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் ஆகிறது. முத்தழகு எங்கள் பக்கத்துத் தெருப் பையன், காண்ட்ராக்டில் போனவன். பஞ்சு மெஷினைத் துடைக்கும்போது பெல்ட்டில் சட்டை சிக்கியது. பெல்ட்டுக்கு மூடி கிடையாது. சட்டையோடு ஆளையும் இழுத்துக்கொண்டது. மறுநாளே மில் தரப்பில், அப்படி ஒரு பெயரே எங்கள் சம்பள ரோலில் இல்லை, கழிவுப் பஞ்சு திருடச் சுவர் ஏறி வந்தவன் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸிலும் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவன் பொண்டாட்டி கிருத்திகா கைக்குழந்தையோடு கடைக்குப் போனால், கடைக்காரன் ஒரு கண்ணைச் சாமான்கள் மேல் வைத்துக்கொண்டுதான் பேசுகிறான். அதை நானே பார்த்தேன்.

இவர் போகாத இடம் இல்லை. சங்கத்துக்குப் போனார், கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் வரிசையில் நின்றார். மில் வாசலில் மைக் வைத்துப் பேச அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அனுமதி இல்லாமல் பேசினார், மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதுதான் தேர்தல் வந்தது. மில் முதலாளி தேனப்பன் பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளர் என்று அறிவித்தார்கள். வேட்பாளராக நின்றால் ஊர் ஊராக மைக் கட்டிப் பேச அனுமதி உண்டு என்று யாரோ இவர் காதில் போட்டார்கள். போதாதா?

"எனக்கு ஓட்டு வேணாம் ரேணுகா. முத்தழகு திருட வரல, வேலைக்கு வந்தான். இத ஒவ்வொரு ஊருலயும் ஒரு தடவ மைக்குல சொல்லிட்டாப் போதும். அந்த ஆளு காதுலயும் விழணும்" என்றார்.

சுயேச்சைக்கு என்னென்ன சின்னம் உண்டு என்று விசாரித்துவிட்டு வந்து, ஸ்பேனர் இல்லையாம் என்று வருத்தப்பட்டார். ஸ்பேனர் இருந்தால் மட்டும் ஊரைக் கழற்றி மாட்டிவிடுவாரா என்று கேட்டேன். கேட்டேனே தவிர, அன்றைக்கே என் பெயரையும் முன்மொழிபவர் வரிசையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சுயேச்சை என்றால் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். ஊரில் பாதி வீட்டு அடுப்பு மில் சம்பளத்தில் எரிகிறது. "நில்லுங்கண்ணே, ஒருத்தராவது கேக்கணும்" என்று தோளைத் தட்டியவர்கள் எல்லாம் தாளைக் கண்டதும் மாடு பிடிக்கப் போகணும் என்று நழுவிவிட்டார்கள். மில் தயவு தேவைப்படாத கிழங்கள், என் தம்பி, நான் என்று ஒன்பது பேர் தேறினோம். பத்தாவது ஆளுக்கு நாய் படாத பாடு பட்டார். அப்போது முத்தழகின் தாய் மலையம்மாள் தானாக வீடு தேடி வந்தாள்.

"எம்மகனுக்காக நிக்கிறீக. நான் போடாம யாருண்ணே போடுவா?" என்றாள்.

அவளுக்குக் கையெழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். மகளிர் குழு ஆரம்பித்தபோது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் எழுதி எழுதிப் பழக்கினேன். பேங்குக்கு முதல் தடவை போனபோது கிளார்க் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார். "கையெழுத்துங்க" என்று மொத்த பேங்குக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். இவருடைய வேட்புமனுவிலும் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நட்டு வைத்தாள். எழுதி முடித்ததும் ஈரம் காய ஊதினாள். மை பேனா அல்ல, சும்மா ஊதினாள்.

பரிசீலனை நடக்கிற அறையில் ஃபேன் பேருக்குச் சுற்றியது. வெளியே பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. இவருக்கு ஏஜென்ட் என்று நான் உள்ளே இருந்தேன். எதிரில் தேனப்பன், பக்கத்தில் அவருடைய வக்கீல். தேனப்பன் எழுந்து என்னிடம் "நல்லாருக்கீகளா?" என்று கேட்டார். அந்த மரியாதைக்கெல்லாம் குறைச்சல் இல்லை. இவருடைய மனு வந்ததும் வக்கீல் எழுந்து, பத்தாவது கையெழுத்து போலி, சம்பந்தப்பட்ட அம்மாவே வந்திருக்கிறார் என்றார். மலையம்மாள் உள்ளே வந்தாள். முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நம் பக்கம் பேசத்தான் வந்திருக்கிறாள் என்று பாவி நான் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

தேர்தல் அலுவலர் இளவயதுப் பெண். மனுவைத் திருப்பிக் காட்டி, "இது உங்க கையெழுத்தாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"நிதானமாப் பாத்துச் சொல்லுங்க."

"நான் போடலீங்க."

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார்கள். மலையம்மாள் பேனாவைத் தொடவில்லை. "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதும்மா. கைநாட்டுதேன்" என்றாள். மைப்பெட்டி வந்தது. கட்டை விரலை அவளே பெட்டியில் வைத்து அழுத்தி, தாளில் உருட்டினாள். யாரோ என் கையைப் பிடித்து வெட்டியது போல இருந்தது.

அலுவலர் இவரிடம், "நீங்க மறுக்கிறதா இருந்தா நாளைக்கு வரைக்கும் நேரம் தர்றேன். இந்த அம்மா கையெழுத்துப் போடுவாங்கங்கிறதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. பேங்கில் இருக்கிறது, குழுவில் இருக்கிறது, நாளைக்கு என்ன, சாயங்காலமே கொண்டு வருவேன். நான் எழுந்துவிட்டேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஃபிட்டர் பிடி. எலும்பு வலித்தது.

"ஆதாரம் ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

மனு தள்ளுபடி. போலிக் கையெழுத்துக்குக் கிரிமினல் கேஸ் போட வேண்டும் என்று வக்கீல் குதித்தார். தேனப்பன் அவர் முழங்கையைத் தொட்டு, "வேணாம் சார். வயசான மனுசன், நம்ம மில்லு உப்பத் தின்னவுக. கேசு கீசுன்னு அலைய விட வேணாம்" என்றார். அறையில் இருந்தவர்கள் அவரை நல்ல மனிதர் என்று பார்த்தார்கள். என் வீட்டுக்காரரை ஃபோர்ஜரிக்காரர் என்று பார்த்தார்கள். இவர் அந்த வெள்ளைச் சட்டையில் வேர்த்து நின்றார். கட்டிய டெபாசிட் திரும்ப வந்துவிடும் என்று ஒரு கிளார்க் ஆறுதல் சொன்னார்.

வெளியே வந்ததும் வாயில் வந்தபடி ஏசினேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அவ மகன் திருடன் இல்லைன்னு சொல்லத்தேன வந்தோம். தாயப் பொய்க்காரின்னு நம்ம வாயால எழுதிக் குடுக்கச் சொல்றியா?" என்றார். அதற்காக என் கோபம் தணிந்துவிடவில்லை. இன்றைக்கும் தணியவில்லை.

எங்கள் ஊருக்கு மத்தியானம் ஒரு டவுன்பஸ்தான். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும்போது மலையம்மாள் நடந்து வந்தாள். அவளை அழைத்து வந்த கார், வேலை முடிந்ததும் போய்விட்டது போல. நிழல் கொஞ்சம்தான் இருந்தது. அதற்குள் நாங்கள் மூன்று பேரும் நிற்க வேண்டும்.

"மதினி" என்றாள்.

"தள்ளி நில்லு. கைநாட்டு மை எஞ்சேலையில பட்டுறப் போகுது" என்றேன். அவளுக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். வலித்தது. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

என்னை விட்டுவிட்டு இவரிடம் பேசினாள். "அண்ணே, மருமகளுக்கு மில்லுல வேல போட்டுக் குடுத்துட்டாக. காண்ட்ராக்ட் இல்ல. ரோல்லயே பேரு ஏத்தியாச்சு, கண்ணுல காட்டுனாக. புள்ளைய வச்சுக்கிட்டு எத்தன நாளு ஒரு வாய்க்கு அல்லாடுறது? நீங்க மைக்குல பேசுவீக. எலெக்சன் முடிஞ்சா மைக்க அவுத்துருவாக. பெறகு?"

இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எந்த செக்சன்?" என்று கேட்டார்.

"முத்தழகு பாத்த எடந்தேன். திங்கக்கெழம வரச் சொல்லிருக்காக."

"அந்த மெஷினா?"

"ஆமாண்ணே."

"பெல்ட்டுக்கு மூடி போட்டாச்சா?"

மலையம்மாள் அதைக் கேட்டிருக்க மாட்டாள். எதைக் கேட்பது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இவரே மேலே பேசினார். மில்லில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வாரே, அதே குரல்.

"சேல வேணாம்னு சொல்லு. சுடிதாருன்னா சால் போடக் கூடாது. சேலதான்னு கட்டாயப்படுத்துனா, முந்தியச் சுத்தி எடுத்து இடுப்புல இறுக்கிச் சொருகச் சொல்லு. தொங்க விடக் கூடாது. தலையக் கொண்ட போடணும். சடையே ஆகாது. குனிஞ்சு துடைக்கச் சொன்னா, மெஷின நிறுத்துனாத்தேன் குனிவேன்னு சொல்லணும். நிறுத்த மாட்டாக. இருந்தாலும் சொல்லணும்."

நல்லதுக்குச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை. குத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மலையம்மாள் "சரிண்ணே, சரிண்ணே" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

பஸ் வந்தது. அவள் முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். நாங்கள் ரெண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தோம். இவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

டவுனைத் தாண்டியதும் அவள் தன் முந்தானையை முன்னால் இழுத்தாள். இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து கொசுவத்துக்குப் பக்கத்தில் இறுக்கிச் சொருகினாள். பிறகு அடுத்த கையால் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். வந்துவிட்டது. மறுபடியும் சுற்றினாள், இன்னும் ஆழமாகச் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். வந்துவிட்டது.