நாற்காலிக்கடியில் அகராதி

செங்டுவில் எங்கள் சந்தில், குய்ஃபாங் அக்காவின் மாஜாங் சூதாட்ட விடுதியை ஒட்டி யென்ஷெங் புத்தகக் கடை திறந்தபோது யாரும் வாழ்த்தவில்லை. எங்கள் பேச்சில் புத்தகமும் 'ஷூ', தோற்பதும் 'ஷூ'. சூதாடுகிறவன் காதில் விழவே கூடாத சொல். யென்ஷெங்கோ வாயைத் திறந்தால் பழமொழி உதிர்க்கிற ஆள். "புத்தகம் திறந்தால் நன்மை" என்று வாசலில் பலகை வேறு மாட்டிவிட்டான்.

அன்றே இறைச்சிக் கடை பாவ் வரிசையாகத் தோற்றார்.

"ஞானி வீடு மாத்துனா வண்டி பூரா ஷூன்னு சும்மாவா சொன்னாங்க? வண்டிய நம்ம வாசல்ல இறக்கிட்டான்க்கா."

குய்ஃபாங் பக்கத்துக் கடைக்குப் போனாள். "தம்பி, பலகையக் கழட்டு."

"பத்தாயிரம் புத்தகம் படி, பத்தாயிரம் காதம் நடன்னு பெரியவங்க..."

"நீ மொதல்ல நட. சந்து முனை வரைக்கும் நானே வந்து வழியனுப்பறேன்."

அவன் கழற்றவில்லை. கடையில் ஈ ஓட்டினான்.

ஒரு மத்தியானம் பாவ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"இருக்கறதுலயே பெருசு எது?"

"எந்த விஷயத்துலண்ணே?"

"கனத்துல."

மரபுத்தொடர் அகராதியை வாங்கிப் போய், எதிரே ஆடும் தையல்காரி ஷீயின் நாற்காலிக்கடியில் தள்ளினார். ஷீ தோற்றாள். காலில் இடறியதைக் குனிந்து பார்த்தவளுக்குச் சூது விளங்கியது. மறுநாள் பாவின் நாற்காலிக்கடியில் டிராக்டர் பழுதுபார்க்கும் புத்தகம் கிடந்தது. அப்புறம் சந்தே யென்ஷெங் கடைக்குத் திரண்டது. கவிதையோ சமையலோ, கைக்குக் கனமாக இருந்தால் சரி.

யென்ஷெங்குக்கு வியாபாரம் இனிக்கவில்லை. ஒருவர்கூடப் பக்கத்தைப் புரட்டவில்லையே. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான்: ஒரு பக்கமாவது உரக்கப் படித்துக் காட்டினால்தான் புத்தகம்.

இன்னொரு அகராதிக்கு வந்த பாவ் அதிலிருந்த ஒரு மரபுத்தொடரின் கதையைச் சலித்துக்கொண்டே படித்தார். ஒரு முயல் ஓடிவந்து அடிமரத்தில் முட்டிச் செத்ததாம். அதைத் தின்ற விவசாயி, கலப்பையைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்காக அங்கேயே காத்திருந்தானாம். பாவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், இது என் மச்சான்டா. அப்புறம் என்னாச்சு?"

"வயல்ல களை மண்டிப்போச்சு."

"அவன் வீட்டுலயும் அதான்."

அன்றிலிருந்து ஆட்டத்தின் நடுவிலும் படித்தார். ஒரே காய்க்காகக் காத்திருந்த ஷீயை "முயல் வந்துச்சாம்மா?" என்று சீண்டினார். மேசைகள் சிரித்தன, ஆட்டம் நகரவில்லை. குய்ஃபாங்குக்குக் கோபம் வந்தது. நாற்காலிகளுக்கடியில் கிடந்ததையும் பாவ் கையில் இருந்ததையும் பறித்து அடுக்கி, கூடம் முழுவதும் தன் கண்ணில் படும்படி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஷூ மேல ஒக்காந்திருக்கியே, பயமில்லியா?" என்றாள் ஷீ.

"நான் எங்கடி ஆடறேன்? தோக்கறது நீங்கதானே."

பாவ் அவள் காலடியில் குந்தினார்.

"அக்கா, கொஞ்சம் எந்திரியேன். பாம்புக்குக் கால் வரைஞ்சவன் கத பாதியில நிக்குது."

"விடுதி மூடுனப்புறம் வந்து படி" என்றாள் அவள். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.